மொட்டை மலையில் செடி நடும் சிறுவன்: இந்த முடிவை மாற்றலாமா?

பென்சில்முனை எழுதியது:

வணக்கம். கோவையில் வீட்டில் இருந்தபடியே கையால் வரையும் அனிமேஷன் வேலை செய்கிறேன். சோறு போடுவது விளம்பரங்கள்தான்: மசாலாப் பொடி, நகைச் சீட்டு, பம்பு செட். இப்போது மனத்துக்குப் பிடித்த ஒரு வேலை வந்திருக்கிறது. நீலகிரிக் காடுகளைக் காப்பது பற்றி நான்கு நிமிடப் படம். பணம் தருவது ஒரு தொண்டு அமைப்பு. மலையில் உள்ள பள்ளிகளிலும் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களிலும் திரையிடப் போகிறார்கள்.

கதை அவர்கள் கொடுத்தது. அடர்ந்த காடு. கோடரியோடு ஒருவன் வருகிறான். மரம் அழுகிறது, மான் ஓடுகிறது, குருவிக்கூடு கீழே விழுகிறது. காடு மொட்டை மலையாகிறது. பிறகு ஒரு சிறுவன் வந்து ஒரு செடி நடுகிறான். மழை பெய்கிறது, மலை முழுக்க மரம். எல்லாரும் கைகோத்து நிற்க, படம் முடிகிறது.

வரைந்தவரைக்கும் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் போட்டுக் காட்டினோம். மரம் அழுத இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். முடிந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அது மொட்டை மலை இல்லை சார், புல் மலை. அங்கே எதற்கு மரம் நட வேண்டும்?" என்று கேட்டாள். உடன் வந்திருந்த பொறுப்பாளர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். நான் மேட்டுப்பாளையம் இறங்கும்வரை அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமைப்பினர் முடிவை மாற்ற ஒப்பவில்லை. திரையிடும் இடங்களில் மரக்கன்று கொடுக்கப் போகிறார்களாம், அதற்கு வேறொருவர் பணம் போட்டிருக்கிறாராம். ஆகவே சிறுவன் செடி நட்டே ஆக வேண்டும்.

அந்தப் பெண் சொன்னது சரிதானா? சரி என்றால், புல்லை வைத்து நான்கு நிமிடம் எப்படி ஒரு கதை சொல்வது? மலைப் பக்கம் இருப்பவர்களும் அனிமேஷன் தெரிந்தவர்களும் வழி சொல்லுங்கள்.


சுண்ணக்கட்டி எழுதியது:

நண்பரே, நான் மலையில் ஆசிரியையாக இருக்கிறேன் (நீங்கள் போன பள்ளி எங்களுடையதன்று). பிள்ளைகள் ஏன் சிரித்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மாணவர்கள் காலையில் பள்ளிக்கு வரும் வழியில் தேயிலைக்குள் காட்டெருமை நின்றால், அது நகரும்வரை காத்திருந்து வருகிறவர்கள். சத்துணவுக் கூடத்துக் கதவைக் கரடி உடைத்து எண்ணெய் குடித்துப்போன ஊர்கள் இங்கே எத்தனையோ இருக்கின்றன. அவர்களிடம் போய், முகத்தில் பாதி கண்ணாக இருக்கும் மான்குட்டி ஒன்றைக் காட்டி, காட்டு விலங்குகள் பாவம் என்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஒரு வனவிழிப்புணர்வுப் படத்தில் ஒட்டகச்சிவிங்கியே வந்தது. இலவசமாகக் கிடைத்த படங்களை எடுத்து ஒட்டியிருப்பார்கள் போலும்.

அந்த மாணவி சொன்னது சரி. மேற்கொண்டு விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


கூடலூர்க்காரி எழுதியது:

பென்சில்முனை தம்பிக்கு,

முதலில் உங்கள் கோடரிக்காரனைப் பற்றிப் பேசுவோம். அவர் என் அப்பா.

1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கூடலூர் வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. இன்றைக்கு எல்லாரும் டேன்டீ என்று சொல்வது அதைத்தான். தோட்டம் வந்த இடம் காடு. காட்டைத் திருத்தியவர்கள் இந்தக் குடும்பங்கள். எந்த மலையை வெட்டுவது, எதை விடுவது என்று ஒருவரும் அப்பாவைக் கேட்கவில்லை. அன்றாடம் கூலி கொடுத்தார்கள், லைனில் ஒரு வீடு கொடுத்தார்கள். நான் பிறந்தது அந்த வீட்டில்.

காடு பற்றிய கார்ட்டூன் ஒவ்வொன்றிலும் கோடரியைப் பிடித்திருப்பவன் கறுத்த மேனியும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக இருக்கிறான். கையெழுத்துப் போட்ட பேனா ஒரு படத்திலும் வருவதில்லை. உங்கள் படம் மலைப் பள்ளிகளில் ஓடப் போகிறது என்கிறீர்கள். கீழே உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த லுங்கிக்காரன் தாத்தாவாக இருப்பான். வில்லன் வேண்டுமென்றால் ஒரு வரைபடத்தையும் அதன்மேல் நகரும் ஒரு சிவப்பு மசியையும் வரையுங்கள். வரைவதற்கும் அது சுலபம்.

இப்போது புல்லுக்கு வருகிறேன். நான் பிறந்த கூடலூர் தாழ்ந்த பகுதி, அங்கே கதை வேறு. ஆனால் முக்குருத்தி, அவலாஞ்சி, மேல்பவானி என்று உயரப் போனால் பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு ஒடுங்கி நிற்கும், மேடெல்லாம் புல். மரத்தை வெட்டியதால் வந்த புல் அன்று அது. மனிதர்கள் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பது. மார்கழி, தை மாதத்து உறைபனி திறந்த மேட்டில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடும். அதையும் தீயையும் தாங்கிப் புல்லுக்கு நடுவே தனியாக நிற்கக்கூடியது காட்டுப் பூவரசு ஒன்றுதான், சிவப்பாகப் பூத்துக்கொண்டு. தோடர்களின் எருமை, வரையாடு, குறிஞ்சி எல்லாம் இந்தப் புல்லை நம்பி இருப்பவை. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

வெள்ளைக்காரனுக்கு இது தரிசாகத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸையும் சீகை எனப்படும் வாட்டிலையும் கொண்டுவந்தான், விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும். அவன் போன பிறகு நம்மவர்கள் அதே கண்ணோடு இன்னும் பெரிய அளவில் நட்டார்கள். புல் மலைகள் சீகைக் காடாயின. கற்பூர மரமாவது நட்ட இடத்தில் நிற்கும். சீகை அப்படி இல்லை. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்துக் கிடக்கும், தீப்பட்டால் முளைக்கும், வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. அந்நிய மரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கென்று தமிழக அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. இந்த நேரத்தில் புல் மலையில் ஒரு சிறுவன் மரம் நடுவதாக நான்கு நிமிடம் ஓட்டினால், சீகை நட்டவர்களின் கதையை நீங்கள் மறுபடி வரைகிறீர்கள். வேறுபாடு ஒன்றே ஒன்று, உங்களிடம் இசை நன்றாக இருக்கும்.

இந்த முடிவு எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். 1987-இல் பிரெடரிக் பாக் என்ற கனடாக் கலைஞர், பிரான்சின் வறண்ட மலைச்சரிவுகளில் தனியாளாக மரம் வளர்க்கும் ஓர் இடையரின் கதையை அரைமணி நேரப் படமாக்கினார். மங்கலான ஒளிபுகும் தாள்களில் வண்ணப் பென்சிலால் வரைந்தது. ஆஸ்கர் பெற்றது. வேலை கற்றுக்கொண்ட நாளில் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். மூலக்கதை முழுக் கற்பனை, ஆனால் உண்மை மனிதர் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தப் படத்துக்குப் பிறகு உலகத்தில் காடு பற்றி யார் படம் எடுத்தாலும் கடைசியில் ஒருவர் குழி தோண்டுகிறார். பாக் காட்டியது மரம் இருந்து அழிந்த நிலம். அதைக் கொண்டுவந்து அவலாஞ்சியில் வைத்தால் பொருந்தாது.

சரி, புல்லை வைத்து என்ன கதை என்கிறீர்கள். இருக்கிறது. நீலகிரியில் கிளன்மார்கன் என்று ஓர் இடம். அங்கே மண், நீர்வள ஆராய்ச்சிக்காரர்கள் அருகருகே இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றதில் பாதிக்குச் சற்று மேல் கற்பூர மரம் நட்டார்கள். இரண்டிலிருந்தும் ஓடிவரும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மரம் நட்ட பக்கத்தில் முதல் பத்தாண்டில் நீர்வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது.

இதைக் கேமராவால் எடுக்க முடியாது, தம்பி. பத்தாண்டு ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தினாலும் மண்ணுக்குள் நடப்பது தெரியாது. நீங்கள் வரையலாம். திரையை நடுவில் பிரியுங்கள். இடப்பக்கம் புல், வலப்பக்கம் அதே சரிவில் கற்பூரம். அதே மழை இரண்டிலும் பெய்யட்டும். மண்ணை வெட்டி உள்ளே காட்டுங்கள்: புல்லின் வேர்ப் பின்னல், கற்பூர மரத்தின் ஆழ வேர், அது இழுத்து இலை வழியே வெளியே விடும் தண்ணீர். இரண்டு பக்கமும் அடியில் ஓர் ஓடை. ஆண்டு மாறுவதைப் பேசவே வேண்டாம், பூவரசு பூத்து உதிர்வதை வைத்துக் காட்டிவிடலாம். வலப்பக்க ஓடை மெலிந்துகொண்டே வரும். அதன்பின் கேமரா கீழே இறங்கட்டும்: பவானி, பவானிசாகர், கோபியின் நெல் வயல். கீழே உள்ளவர்களுக்கும் இந்தப் புல்லோடு உறவு உண்டு என்று ஒரு வார்த்தை இல்லாமல் தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: 16 என்ற எண்ணைத் திரையில் போட்டால் அதை நான்கு மடங்காக ஊதிப் போடாதீர்கள். ஓடை வற்றிப் பாளம் பாளமாக வெடிப்பது போல வரையக் கை துடிக்கும். அந்த ஆய்வில் ஓடை வற்றவில்லை, குறைந்தது. குறைந்ததைக் குறைந்ததாக வரையுங்கள். மலைக்காரர்கள் ஓடையைத் தினமும் பார்ப்பவர்கள்.

உயிரினம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று அமைப்பினர் சொல்வார்கள். புலி வேண்டாம், யானை வேண்டாம். நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு குருவி இருக்கிறது. புல்லுக்குள் தரையில் கூடு கட்டும், மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. தவிட்டு நிறம், அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மரம் வளர வளர அதற்கு இடம் போய்விடும். காடு வளர்ந்ததால் வீடிழந்த குருவி என்றால், பார்ப்பவர்கள் ஒரு கணம் புருவம் சுருக்குவார்கள். எனக்கு வேண்டியது அந்தச் சுருக்கம்.


நேர்வழி எழுதியது:

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படம் பார்த்து யார் திருந்தினார்கள்? மே மாதம் ஊட்டிக்கு வரும் கூட்டம் படத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, அதே கையால் தண்ணீர்ப் பாட்டிலைப் பள்ளத்தில் எறியும். "பைன் காடு" என்று பலகை வைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, இயற்கை அன்னை என்று எழுதிப் படம் போடும். அந்தப் பைன் மரமும் நட்டதுதான் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பணத்தில் நாலு காவலர்களை வைக்கலாம்.


சுண்ணக்கட்டி எழுதியது:

நாலு காவலர்களை வைக்க அந்தப் பணம் ஒரு மாதம்கூடக் காணாது. ஆனால் பைன் காட்டைப் பற்றி நீங்கள் சொன்னது அருமையான காட்சி. பென்சில்முனை, குறித்துக்கொள்ளுங்கள்: குடும்பம் ஒன்று பைன் மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறது, அவர்கள் மிதித்து நிற்கும் புல்லில் நெட்டைக்காலி கூட்டைத் தேடுகிறது.


தீக்கோடு எழுதியது:

வனத்துறையில் களப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் முதுமலைப் பக்கம். கூடலூர்க்காரி அம்மா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. தீயைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஏனென்றால் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்தது காட்டுத்தீ பற்றி எடுங்கள்" என்று உங்களிடம் நிச்சயம் வருவார்கள்.

அமெரிக்காவில் ஸ்மோக்கி என்று ஒரு கரடி. தொப்பி போட்டு மண்வெட்டி பிடித்திருக்கும். 1944-இல் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. அதற்கு முன் டிஸ்னியின் பாம்பி மான்குட்டியை ஓராண்டுக்கு மட்டும் இரவல் வாங்கிப் பிரசாரம் செய்தார்கள். இரவல் முடிந்ததும் சொந்தமாக ஒரு விலங்கு தேவைப்பட்டது, அப்படி வந்ததுதான் கரடி. காடு பற்றி உலகத்திலேயே மிகப் பெரிய வெற்றி பெற்ற வரைபடப் பாத்திரம் இதுவாகத்தான் இருக்கும். மக்கள் நெஞ்சில் ஒன்று பதிந்தது: தீ கெட்டது. எந்தத் தீயும் கெட்டது. துறையும் எல்லாத் தீயையும் அணைத்துக்கொண்டே வந்தது. சருகும் சுள்ளியும் சேர்ந்துகொண்டே போயின. பிறகு பற்றியபோது சிறு தீயில் முடிய வேண்டியது பெருந்தீயாகிவிட்டது. இப்போது அங்கே வனத்துறையே கட்டுப்படுத்தி எரிக்கிறது. அதனால் 2001-இல் கரடியின் வாசகத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியதாயிற்று.

நம் பக்கத்துக் கதையும் இதுதான். கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் கோடைத் தொடக்கத்திலேயே சருகை மட்டும் லேசாக எரிப்பார்கள். தரகு பெங்கி என்று அதற்குப் பெயர். உண்ணிச்செடி (லண்டானா என்ற அந்நியப் புதர்) தலையெடுக்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களும் அதை எடுத்து எழுதியிருக்கிறார்கள். சரணாலயம் ஆன பிறகு அந்தத் தீ நின்றது. உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மேல் மண்டியது. இப்போது தீப்பிடித்தால் தரையில் போக வேண்டிய தீ அந்தச் செடியில் ஏறி மரத்தின் கிளைக்குப் போகிறது. கோடை முழுக்கத் தீத்தடுப்புக் கோடு வெட்டிய கை இது, பார்த்துத்தான் சொல்கிறேன்.

அதற்காகத் தீ நல்லது என்று படம் எடுத்துவிடாதீர்கள், தம்பி. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் புல்தீயில் இறந்தார்கள். பீடித்துண்டு எறிகிறவனையும், தேன் எடுக்கப் போய் நெருப்பை அணைக்காமல் வருகிறவனையும் நாங்கள் திட்டத்தான் செய்வோம். யார், எந்த மாதத்தில், எந்தக் காட்டில், எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை நாலு நிமிடத்தில் சொல்ல முடியாது என்றால் சொல்லாமல் விட்டுவிடுவது மேல்.


பென்சில்முனை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கூடலூர்க்காரி அக்கா, உங்கள் பதிலைத் தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவிட்டேன். ஐயா சொன்ன கரடிக் கதையைப் பொறுப்பாளரிடமும் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆனால் கன்றுக்குப் பணம் கொடுத்துவிட்டார்களே" என்றார்.

இரண்டு சந்தேகங்கள். ஒன்று, அந்தச் செடி நடும் காட்சியை என்ன செய்வது? இரண்டு, புல் வரைவது. மரம் என்றால் பின்னணியில் ஒருமுறை வரைந்து வைத்துவிடலாம், அசையாது. புல் மலை முழுக்கக் காற்றில் அசைய வேண்டும். நொடிக்கு 12 படம் என்று வைத்தாலே நான்கு நிமிடத்துக்கு 2,880 படங்கள். தனியாள் நான்.


கூடலூர்க்காரி எழுதியது:

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் என் தொழில்.

புல்லைத் தாள் தாளாக வரையாதீர்கள். காற்றில் புல் மலையைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? தனித்தனிப் புல் தெரியாது. வெளிச்சமான ஒரு பட்டை சரிவில் ஏறி ஓடுவதுதான் தெரியும். அந்தப் பட்டையை மட்டும் அசையுங்கள். அடியில் ஒரே பின்னணி, மேலே மெல்லிய வெளிர்ப் பட்டை எட்டுப் படச் சுழற்சியில் திரும்பத் திரும்ப. அருகில் காட்டும் இடங்களில் மட்டும் பத்துப் பதினைந்து புல் தாள்களைத் தனியாக வரைந்து, மூன்று அடுக்காக வைத்து வேறுவேறு வேகத்தில் நகர்த்துங்கள். குருவிக்கு நொடிக்கு 12 படம் கொடுங்கள், மண்ணுக்குள் இறங்கும் தண்ணீருக்கு 8 போதும், நிதானமாக நகர்வது அதற்குப் பொருத்தம்தான். மழையும் சுழற்சிதான். அப்படிப் பார்த்தால் உங்கள் 2,880 பல நூறாகச் சுருங்கிவிடும். மென்பொருளுக்குப் பணம் போடாதீர்கள். ஓபன்டூன்ஸ் இலவசம், கையால் வரைந்த படத்தை வருடி எடுத்து வண்ணம் தீட்டும் வேலைக்கென்றே செய்தது. பின்னணியைக் கிருதா (Krita) என்ற ஓவிய மென்பொருளில் தீட்டலாம்.

நிறத்தில் ஒரு விஷயம். நீங்கள் எல்லாரும் காடு என்றால் கரும்பச்சையை எடுக்கிறீர்கள், புல் என்றால் கிளிப்பச்சை. மாசியில் நீலகிரிப் புல் பொன்னும் தவிடுமாக இருக்கும். சமவெளிக்காரன் கண்ணுக்கு அது காய்ந்து செத்த நிறம். படத்தின் தொடக்கத்திலேயே அந்த நிறத்தை உயிரோடு காட்டிவிட்டால், அதாவது அதற்குள் குருவியும் பூச்சியும் ஊறும் தண்ணீரும் இருப்பதைக் காட்டிவிட்டால், பாதி வேலை முடிந்தது. வலப்பக்கக் கற்பூரக் காட்டை நல்ல பளபளப்பான பச்சையில் தீட்டுங்கள். பச்சையைப் பார்த்து மகிழும் பழக்கத்தைப் படமே கொஞ்சம் சீண்டட்டும்.

இனி அந்தச் சிறுவன். அவனைத் துரத்த வேண்டாம். பணம் கொடுத்தவர்கள் பாவம், நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார்கள். செடி நடுவதே குற்றம் என்பது போல நாமும் பேசிவிடக் கூடாது. சோலை இருந்து அழிந்த பள்ளங்கள் எத்தனையோ இருக்கின்றன, தேயிலையை ஒட்டிய ஓடைக்கரைகள் இருக்கின்றன. அங்கே நாவலும் மற்றச் சோலை மரங்களும் நட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? உங்கள் சிறுவன் கன்றோடு மேட்டில் ஏறட்டும். குழி தோண்டக் குனியட்டும். குருவி கத்திக்கொண்டு எழும்பட்டும், கூடு தெரியட்டும். அவன் கன்றை எடுத்துக்கொண்டு கீழே பள்ளத்துக்கு இறங்கி, சோலை ஓரத்தில் நடட்டும். அமைப்பினருக்கு நடும் காட்சி கிடைத்துவிட்டது. அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கும் பதில் கிடைத்துவிட்டது. ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கொடுக்கப்போகும் கன்று என்ன மரம்? அது சில்வர் ஓக் என்ற வெளிநாட்டு மரம் என்றோ வேறு ஏதாவது அலங்கார மரம் என்றோ இருந்தால், என் பெயரைப் படத்தின் நன்றிப் பட்டியலில் போடாதீர்கள்.


ஓவியக்கொட்டகை எழுதியது:

குறுக்கே ஒரு வார்த்தை. உண்ணிச்செடித் தண்டுகளை வளைத்துக் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் முழு அளவு யானைகள் செய்தார்களே, 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றவை. அதே தண்டில் கையளவுப் பொம்மைகள் செய்து, நிலை நிலையாக நகர்த்திப் படமெடுக்கலாம். உண்ணிச்செடி பற்றிய படத்தை உண்ணிச்செடியாலேயே எடுத்த மாதிரி இருக்கும். தீக்கோடு ஐயா சொன்ன தீக் கதைக்கு இது பொருந்தும். அடுத்த வேலைக்கு மனத்தில் வையுங்கள்.


தீக்கோடு எழுதியது:

பொம்மை செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தண்டில் சிறு முள் உண்டு. அதோடு காய் காய்ப்பதற்கு முன் வெட்டியதாக வாங்குங்கள். இல்லாவிட்டால் கோவைக்கும் விதையைக் கொண்டுபோன புண்ணியம் உங்களுக்கு.


நேர்வழி எழுதியது:

நான் இன்னும் மாறவில்லை. ஆனாலும் ஒரு யோசனை. மலைக்கு வரும் வெளியூர் வண்டி ஒவ்வொன்றும் 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். அந்தப் பக்கத்தை எல்லாரும் திறந்தே ஆக வேண்டும். நான்கு நிமிடப் படத்தை அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த இரண்டு சரிவுக் காட்சியை மட்டும் 30 நொடியாக வெட்டி, பேச்சே இல்லாமல், அங்கே வைக்க மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கச் சொல்லுங்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தேடும்போது வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. அங்கேயும் ஒரு திரை வைக்கலாம். காத்திருக்கிறவன்தான் பார்ப்பான்.


பென்சில்முனை எழுதியது:

நேர்வழி, இது எனக்குத் தோன்றவே இல்லை. 30 நொடி வடிவத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதைக் காட்டி அமைப்பினரிடம் பேசுவது எளிது. சிறுவன் பள்ளத்துக்கு இறங்கும் முடிவைத் தொலைபேசியில் சொன்னேன். "நடுகிறான் அல்லவா, அது போதும்" என்று பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார். கன்றுகளின் பெயர்ப் பட்டியல் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

பேச்சு எந்த மொழியில் வைப்பது என்பது மட்டும் பாக்கி. சென்னையில் ஒரு குரல் கலைஞரை ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்கள்.


சுண்ணக்கட்டி எழுதியது:

வேண்டாம். விளம்பரக் குரலில் "வனம் நம் வளம்" என்று தொடங்கினால் மறுபடி சிரிப்பார்கள். எங்கள் பள்ளியில் படுகர்களின் படுகு மொழி பேசும் பிள்ளைகள், தோட்டத் தமிழ் பேசும் பிள்ளைகள், கோத்தர் பழங்குடி வீட்டுப் பிள்ளை ஒருவன் என்று எல்லாரும் இருக்கிறார்கள். நெட்டைக்காலிக்கும் சிறுவனுக்கும் இரண்டு மூன்று வரிதான் இருக்கப் போகிறது, அவர்களே பேசட்டும். தமிழில் ஒன்று, படுகு மொழியில் ஒன்று என இரண்டு ஒலித்தடங்கள் செய்துவிட்டால், கோத்தகிரி ஊர்களில் படுகு மொழியிலேயே ஓட்டலாம். தலைமை ஆசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன், பெற்றோர் ஒப்புதலும் வாங்க வேண்டும். உங்கள் ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் கொண்டுவாருங்கள், எங்கள் கணினி அறை தகரக் கூரை. மழை வந்தால் ஒன்றும் பதிவாகாது, அதனால் பிப்ரவரியில் வாருங்கள். மார்ச் என்றால் தேர்வு, யாரையும் விட மாட்டோம்.